கல்லுதான் என்று நான் சொன்ன முட்டைகள்

ஆறு வருடமாக நான் பார்க்காத ஒன்றை என் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிற போக்கில் பார்த்துவிட்டாள். அதுவும் வெறும் கண்ணால். அந்த நேரத்தில் எனக்கு வந்தது ஆச்சரியம் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆச்சரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வயிற்றெரிச்சல். கட்டின பெண்டாட்டி மேல் வயிற்றெரிச்சல் படுகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நினைத்ததால் எரிச்சல் குறையவில்லை.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே, ஒரு பெரிய குழி இருக்கிறது. நாலுவழிச் சாலை போட்டபோது கிராவல் எடுத்த குழி. மண் எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் சேர்ந்து குழி குட்டையானது. யாரோ மீன் குஞ்சு விட்டார்கள், மீனைத் தேடிக் கொக்கும் நாரையும் வந்தன, சம்புப் புல் முளைத்தது, முக்குளிப்பான் குடித்தனம் வைத்தது. இப்போது சுற்றிலும் கம்பி வேலி, வாசலில் 'பறவைகள் பாதுகாப்புப் பகுதி' என்று பச்சைப் போர்டு. ஊர்க்காரர்களுக்கு மட்டும் அது இன்னும் கிராவல் குழிதான்.

அந்தப் போர்டு வருவதற்கு முன்பிருந்தே ஞாயிறு தவறாமல் அங்கே போகிறவன் நான். மற்ற ஆறு நாளும் சங்ககிரியில் ஒரு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். புஷ், பேரிங், கிளட்ச் பிளேட் என்று யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற வேலை. நான் சொல்லி அடுத்தவர் கேட்கிற இடம் என்று இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது கிராவல் குழிதான். அங்கே நான் கையை நீட்டினால் பத்துப் பேர் அந்தப் பக்கம் திரும்புவார்கள். நான் ஒரு பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். பறவை பார்க்க வருகிற எங்கள் குழுவுக்குத் தலைவர் மாதிரி இருக்கிற, பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கூட, "குருவிக்காரர் சொல்லட்டுமுங்க" என்று எனக்காகக் காத்திருப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அலாரம் இல்லாமல் எழுந்துகொள்வேன்.

என் மனைவி ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறாள். இந்தப் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமான வேலை இல்லை. காலையில் கூண்டு வரிசைகளில் நடந்து நோய்க்கோழி எது என்று பார்த்து எடுப்பது, அதன் பிறகு முட்டை பொறுக்கி, கீறல் விட்டதையும் சிறுத்ததையும் தனியாகக் கழித்து, நல்லதை அட்டையில் அடுக்குவது. நாள் முழுக்கப் பறவைகளோடு கிடக்கிறவளுக்கு என் பறவைகள் மேல் ஒரு ஆசையும் இருந்ததில்லை. "நாங் கோழியப் பாக்கறது பத்தாதுங்களா?" என்பாள். அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

போன தை மாதம் டாக்டர் அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரோட்டில் லாரிகள் பறக்கின்றன. குட்டையைச் சுற்றி நடக்கலாம் என்று நானேதான் கூப்பிட்டேன். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். சம்பு ஓரத்தில் சேறு காய்ந்து கிடந்த இடத்தைக் காட்டி, "ஏனுங்க, அங்க ஒண்ணு பதுங்கி உக்காந்திருக்குதே, அது என்னங்க?" என்றாள். நான் பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். சேறுதான் தெரிந்தது. இரண்டு நிமிடம் கழித்து அந்தச் சேற்றுக்கு நீள மூக்கு முளைத்தது. கோரை உள்ளான். பெரியவர் "அம்மிணிக்கு நல்ல கண்ணுங்க!" என்று சத்தமாகச் சொன்னார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தாடை வலித்தது நினைவிருக்கிறது.

எப்படிப் பார்த்தாய் என்று வீட்டுக்கு வந்து, சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவள் மறைக்காமல் சொன்னாள். கூண்டு வரிசையில் போகும்போது கோழியைப் பார்க்கக் கூடாதாம், வரிசையைப் பார்க்க வேண்டுமாம். எது வரிசையில் சேராமல் நிற்கிறதோ அது தானாக வந்து கண்ணில் விழுமாம். "ஒவ்வொரு கோழியா மூஞ்சியப் பாத்துட்டு நின்னா வேல ஓடுமுங்களா?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நானும் அடுத்த வாரம் வரிசையைப் பார்த்தேன். எனக்கு வரிசைதான் தெரிந்தது.

அதன் பிறகு நான் செய்த வேலைகளை இங்கே எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பைனாகுலரை அவளிடம் கொடுப்பதற்கு முன் அதன் ஃபோகஸ் திருகை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டுக் கொடுப்பேன், மங்கலாகத் தெரியட்டும் என்று. அவள் இரண்டு தடவை கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எனக்கு ஒத்து வரலீங்க" என்று திருப்பித் தந்தாள். அதற்குப் பிறகு பைனாகுலரே இல்லாமல் இன்னும் அதிகம் பார்த்தாள். ஒரு ஞாயிறு எல்லோரும் அரை மணி நேரம் முன்னதாகக் கூடுவது என்று முடிவானபோது அதை அவளிடம் சொல்லாமல் நான் மட்டும் கிளம்பிப் போனேன். அங்கே போனதும் முதலில் கேட்டது, "அம்மிணி வரலீங்களா?" ஒருவர் அல்ல, நாலு பேர் கேட்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் பெயர் வைக்க ஆரம்பித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் "அது என்னங்க?" என்று கேட்டால் நான் பெயரை வேகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அதனால் அவளாக ஒன்று வைத்துக்கொள்வாள். தண்ணீர் ஓரத்தில் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கிற சின்ன உள்ளானைப் பார்த்து, "ஷாக் அப்சர்பர் போன குருவி" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர் தன் நோட்டில் எழுதியே வைத்துக்கொண்டார். இருபது வருடமாக ஷாக் அப்சர்பர் விற்கிறவன் நான். ஆறு வருடமாக அந்தக் குருவியைப் பார்க்கிறவனும் நான். அந்தப் பேச்சு என் வாயில் வந்திருக்க வேண்டும், அவள் வாயில் வந்தது.

சித்திரையில் தண்ணீர் வற்றிக் கிழக்குக் கரையில் கிராவல் மேடு வெளியில் வந்தது. அந்த மேட்டைச் சமப்படுத்தி நடைபாதை போட்டு, ஓரத்தில் சிமெண்ட் பெஞ்சும் தகரக் கூரையும் வைக்கலாம் என்பது என் யோசனை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் உட்கார்ந்து பார்க்க இடம் வேண்டுமே என்று பஞ்சாயத்தில் நானே போய்ப் பேசி ஒப்புதல் வாங்கினேன். மாசக் கடைசியில் பொக்லைன் வருவதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்காக என்று சொன்னேனே தவிர, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பெயர் சொல்வதும் எல்லோரும் எழுதிக்கொள்வதும்தான் என் மனதில் இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிறு. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் அந்த மேட்டின் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். அவள் நின்றாள்.

"ஏனுங்க, அக்கட்டால முட்ட கெடக்குது பாருங்க."

"எங்க?"

"அந்தப் பெரிய கல்லுக்கு இக்கட்டால. ரெண்டு."

நான் பார்த்தேன். கிராவல். மறுபடியும் பார்த்தேன். கிராவல்தான். "அது கல்லு புள்ள" என்றேன். இதுவரைக்கும் நான் சொன்னது பொய்யில்லை.

"கல்லுல ரெண்டு ஒரே அளவுல அமையாதுங்க" என்றாள். "தெனமும் எத்தன முட்டய அளவு பாத்துக் கழிக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? அது ரெண்டும் ஒரே ஈட்டு முட்டதானுங்க."

பைனாகுலரை எடுத்தேன். பெரிய கல்லைப் பிடித்தேன், அதிலிருந்து மெதுவாக இந்தப் பக்கம் வந்தேன். மண் நிறத்தில், பழுப்புத் திட்டோடு, இரண்டு. அதற்கு ஒரு முழம் தள்ளி ஒரு மஞ்சள் கண். கண்ணைப் பார்த்த பிறகுதான் அந்தக் கண்ணைச் சுற்றி ஒரு பறவையே தரையோடு தரையாகப் படுத்திருப்பது தெரிந்தது. கண்கிலேடி. அந்தக் குட்டையில் அது முட்டை வைத்து யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று ஆறு வருடமாக அந்த மேட்டை மிதித்து நடந்தவன் நான்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பைனாகுலரை இறக்கினேன்.

"கல்லுதான் புள்ள. வா போலாம்."

இது பொய். தெரிந்தே சொன்ன பொய். யோசித்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது, வாய் தானாகச் சொன்னது. அவள் ஒரு தடவை திரும்பி அந்த இடத்தைப் பார்த்தாள். "நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். பைனாகுலர் வைத்துப் பார்த்தவன் நான், புத்தகம் படித்தவன் நான், அவள் நம்பிவிட்டாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கடையிலிருந்து பெரியவருக்குப் போன் செய்தேன். கண்கிலேடி முட்டை வைத்திருக்கிறது, பொக்லைனை நிறுத்த வேண்டும் என்றேன். "அட! யாருங்க பாத்தது?" என்றார்.

"நாந்தானுங்க. நேத்து."

"நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே?"

"உறுதி பண்ணிக்கிட்டுச் சொல்லலாம்னுதானுங்க."

வேலை தள்ளிவைக்கப்பட்டது. முட்டைகளைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது உண்மைதான். யார் கண்டுபிடித்ததை என்பதுதான் விஷயம்.

அடுத்த ஞாயிறு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக் கூட்டம். நான் மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினேன். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லோரும் என் விரலைப் பார்த்துத் திரும்பினார்கள். எனக்குள் என்னவோ குளிர்ந்தது. என் மனைவி பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு நான் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் விரல் போன திசையைப் பார்த்தாள், அந்தப் பெரிய கல்லைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

பெரியவர் விளையாட்டாக, "ஏனுங் அம்மிணி, இது உங்க கண்ணுக்கே தப்பிருச்சுங்களா?" என்றார்.

என் கை அப்படியே நீட்டினபடி நின்றது.

"ஆமாங்க" என்றாள் அவள். "எனக்குக் கல்லாட்டந்தான் தெரிஞ்சுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். குருவிக்காரர் கண் குருவிக்காரர் கண்தான் என்று யாரோ சொன்னார்கள். எத்தனையோ தடவை கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டதும் நீட்டின கையை இறக்கிக்கொண்டேன்.

அவள் வீட்டுக்கு வந்து காபி கொடுத்தாள். மதியம் என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டாள். ராத்திரிக்குள் வெடிக்கும் என்று நான் காத்திருந்தேன், வெடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. நானாகப் பேச்செடுக்கலாம் என்றால், என்னவென்று எடுப்பது?

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் நடக்க வந்தாள். ஆனால் தரையைப் பார்த்து நடந்தாள். சர்க்கரைக்காக நடக்கிறவர்கள் எப்படி நடப்பார்களோ அப்படி. "ஏனுங்க, அது என்னங்க?" என்பது நின்றுபோனது. முதல் வாரம் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு புள்ளிமூக்கு வாத்தைப்பற்றி நான் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் வேறொரு பக்கத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே பார்வையை இழுத்துக்கொண்டதைக் கவனித்தேன். அங்கே என்ன பார்த்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அந்த இடத்தைக் கால் மணி நேரம் துழாவினேன். எரிச்சல் போகவில்லை. முன்பு அவள் காட்டியதற்கு எரிந்தேன், இப்போது காட்டாமல் வைத்துக்கொண்டதற்கு எரிந்தேன்.

வைகாசி பிறந்து ஒரு ஞாயிறு போனபோது முட்டைகள் இல்லை. ஓட்டுத் துண்டு கிடந்தது. பொரித்துவிட்டது. பொக்லைனும் அன்றைக்குத்தான் வந்து நின்றது. மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று பஞ்சாயத்தில் அவசரப்படுத்தியிருந்தார்கள். குஞ்சுகள் பொரிந்த அன்றைக்கே நடந்து போய்விடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. தாயும் தகப்பனும் தூரத்தில், மேட்டின் மறுகோடியில், தலையைக் குனிந்துகொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தன. குஞ்சுகளும் அங்கேதான் போயிருக்கும் என்று நினைத்தேன்.

"எடுத்தரலாமுங்களா?" என்று டிரைவர் மேலே உட்கார்ந்தபடி கேட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பைனாகுலரில் பார்த்தேன். எல்லாம் கிராவல். உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். குருவிக்காரர் அப்படிச் சொல்வாரா?

"போயிருச்சுங்க. எடுங்க" என்றேன்.

பொக்லைன் நகர்ந்தது. அப்போது என் மனைவி, கூட்டத்திலிருந்து விலகி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். பதினைந்து அடி நடந்து, வண்டி வருகிற வழியில், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். "அக்கா, அக்கட்டால போய் உக்காருங்கக்கா!"

"கால் வலிக்குது சாமி. செத்த இருந்துட்டு வாரேன்."

"நெழல்ல உக்காரலாமுல்லங்க?"

"இங்கயே நல்லாருக்குது சாமி."

இளவட்டங்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவர் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து "குஞ்சு இங்கிருக்குது" என்று அவள் சொன்னால் அவ்வளவுதான் வேலை. அதைச் சொன்னால் இத்தனை பேருக்கு முன்னால் என் பேச்சு பொய்யாகும். அதனால் வைகாசி வெயிலில், கொதிக்கிற கிராவலில், கால் வலி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குஞ்சையும் விடவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் மேல் எனக்கு அப்போது வந்தது பாசம் என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது கோபம். இதிலும் இவள்தானா என்று ஒரு கோபம். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எஞ்சின ஆப் பண்ணுங்க" என்றேன். "குஞ்சு அங்கதான் இருக்குதுங்க. எனக்குத் தெரியலீங்க, அவளுக்குத் தெரியுது. அந்த முட்டய மொதல்லப் பாத்ததும் அவதானுங்க. நாம் பாக்கலீங்க. கல்லுன்னு பொய் சொல்லிப்புட்டு, நாம் பாத்ததாச் சொல்லிக்கிட்டேன்."

எஞ்சின் நின்றது. பெரியவர் தன் நோட்டைத் திறந்தார், என்ன நினைத்தாரோ, எழுதாமல் மூடிவிட்டார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் காட்டி எல்லோரையும் கூப்பிட்டாள். "மெதுவா வாங்க, பாத்து மிதிங்க." அவள் பாதத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு கல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது. மூச்சு விடுவது தெரிந்தது. எல்லோரும் மண்டி போட்டார்கள். பெரியவர் "எப்படீங் அம்மிணி, எப்படீங்க?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவர் அவளுக்குக் குடை பிடித்தார். நான் உண்மையைச் சொன்னதை ஐந்து நிமிடத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். பொய் சொன்னதற்காகக்கூட ஒருவரும் என்னைத் திட்டவில்லை. எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கீங்க?" என்று பொக்லைன் டிரைவர் இறங்கி வந்து கேட்டார். அவள் ஒரு சின்னக் கல்லை எடுத்து, அந்தக் கையாலேயே எங்கோ சுட்டிக் காட்டினாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற எனக்கு எங்கே என்று தெரியவில்லை. "அட, ஆமாங்க!" என்றார் அவர். பெரியவர் பார்த்தார், தலையாட்டினார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தார்கள். கூட்டம் விலகியதும் நான் போய் அவள் பக்கத்தில் குத்தவைத்தேன். பைனாகுலர் கழுத்தில் தொங்கியது. அவ்வளவு கிட்டத்தில் அது எதற்கும் உதவாது.

"ரெண்டாவது எங்க புள்ள?" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையில் இருந்த கல்லைக் கீழே போட்டாள்.

"நீங்களே பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அவள் எழுந்து போன பிறகும் பார்த்தேன். வெயில் உச்சிக்கு வரும்வரை பார்த்தேன். அன்றைக்கு அங்கே வந்திருந்த எல்லோரும், பொக்லைன் டிரைவர் உட்பட, இரண்டு குஞ்சுகளைப் பார்த்தார்கள். நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.